இரவல் எது, சொந்தம் எது என்று சொல்லிக் கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பைதன் நிரல் மொழியில் நினைவகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று கடந்த வாரக் கணினிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். பைதனில் மட்டும் எழுதுகிறவருக்கு அது பெரும்பாலும் சரி. வேகத்துக்காக ஒரு பகுதியைச் சி மொழியில் எழுதி இணைப்பவரை அது குழியில் தள்ளும். நான் விழுந்து எழுந்தவள்.

உப்புவெளியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு காற்றுமானி வைத்திருக்கிறேன். அண்ணா கடற்றொழில் செய்கிறார். கச்சான் காற்று எழும்பும் காலத்தில் காற்றின் வேகத்தைத் தினமும் கேட்பார். விநாடிக்கு 10 அளவீடுகளை 512 மெகாபைட் நினைவகமுள்ள சிறிய கணினி பதிகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அது நின்றுபோனது. உப்புக்காற்று என்று நினைத்து வயரை மாற்றினேன், பெட்டியை மாற்றினேன்.

பிழை, நான் எழுதாமல் விட்ட ஒரே வரியில் இருந்தது. எண், பட்டியல் போன்ற ஒவ்வொரு தரவுப் பொருளையும் எத்தனை பிடிகள் (reference) பிடித்திருக்கின்றன என்று பைதன் எண்ணி வைக்கிறது. எண்ணிக்கை பூச்சியமானால் பொருள் அழியும். சி மொழிக்குள் அந்தக் கணக்கு நம் பொறுப்பு. 'பைலிஸ்ட் அப்பெண்ட்' (PyList_Append) என்ற செயற்பாட்டின் மூலம் எண்ணைப் பட்டியலில் சேர்த்தால், பட்டியல் தனக்கென்று ஒரு பிடியைக் கூட்டிக்கொள்ளும். என் பிடி அப்படியே நிற்கும். பிடியை விடும் கட்டளையான 'பை டெக்ரெஃப்' (Py_DECREF) எழுதி நான் அதை விடவில்லை. பட்டியல் அழிந்த பின்னும் எண்கள் அழியவில்லை. 64 பிட் கணினியில் ஒரு தசம எண் 24 பைட். ஒதுக்கும்போது 32 ஆகிறது. நாளுக்கு 864,000 எண்கள், 27 மெகாபைட்டுக்கு மேல். 14 நாளில் 380 மெகாபைட்டைத் தாண்டும்; மற்ற வேலைகளுக்கும் இடம் வேண்டிய 512 மெகாபைட்டில் அது தாங்காது. கலண்டரில் நான் வட்டமிட்ட நாட்களோடு அந்தக் கணக்குப் பொருந்தியபோதுதான் மூச்சு வந்தது.

பட்டியலின் ஓர் இடத்தில் பொருளை வைக்கும் 'பைலிஸ்ட் செட்ஐட்டம்' (PyList_SetItem) நேர்மாறானது; நம் பிடியையே வாங்கிக்கொள்ளும். அங்கே 'டெக்ரெஃப்' எழுதினால் பட்டியலில் இருக்கும்போதே பொருள் அழிந்து நிரல் விழக்கூடும். பட்டியலிலிருந்து பொருளை எடுக்கும் 'பைலிஸ்ட் கெட்ஐட்டம்' (PyList_GetItem) தருவதோ இரவல் பிடி; அது நம்முடையதல்ல, நாம் விடக் கூடாது. 2024இல் வந்த பைதன் 3.13 அதே வேலைக்கு, நாமே விடவேண்டிய சொந்தப் பிடி தரும் செயற்பாட்டையும் சேர்த்திருக்கிறது.

மாலையில் என்னிடம் வரும் உயர்தர மாணவர்கள் இவற்றைத் தமிழில் வாசிக்க உங்கள் பக்கத்தைத்தான் தேடுகிறார்கள். எந்தச் செயற்பாடு இரவல் தருகிறது, எது புதிதாகத் தருகிறது, எது வாங்கிக்கொள்கிறது என்று ஒரு வாரம் விளக்கி எழுதுங்கள். என் நிரலில் இந்தப் பகுதி இருக்கும் பதினொரு வரிகளைப் பிழையோடும் திருத்தத்தோடும் அனுப்பி வைக்கிறேன்.

கணினி ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.