ரிசல்ட்டுக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் நம் வீடுகளில் எப்படி நகரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகு கரையில் கிடக்கும், கையில் காசு இருக்காது, கடன் கொடுத்தவர் வாசலுக்கு வருவார். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட்டும் இதற்கு நடுவில், மே மாதத்தில்தான் வருகிறது. அதனால்தான் பிள்ளைகளின் உயிரைப் பற்றி இப்போதே எழுதுகிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த பள்ளியில் பிளஸ் ஒன் பையன் ஒருவன் என் அறை வாசலில் வந்து நின்றான். "சார், என் கூட்டாளி வளர்த்த புறாவையெல்லாம் கூண்டோட எங்க வீட்ல விட்டுட்டான். திரும்ப வேணாங்கிறான்." ஏதோ சண்டை என்று நினைத்து அனுப்பப் பார்த்தேன். அவன் நகரவில்லை. "அவன் சரியில்ல சார்."

புறா வளர்த்த அந்த மாணவனைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டோம். வெகுநேரம் தரையையே பார்த்திருந்தவன் உடைந்து அழுதான். மூன்று வாரமாகச் சாவைப் பற்றியே யோசித்திருக்கிறான். "சேட்டையெல்லாம் விட்டுட்டான், திருந்திட்டான்னு நினைச்சோம் சார்" என்றார் அவன் அம்மா.

பிரியமாக வைத்திருந்ததை எடுத்துக் கொடுப்பது, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவது, தூக்கமும் சாப்பாடும் மாறுவது, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று விளையாட்டுபோலச் சொல்வது, கையில் கீறல், நெடுநாள் வாடியிருந்தவன் திடீரென்று அமைதியாவது. இவற்றை வயசுக் கோளாறு என்று தள்ளாதீர்கள். முன்பு ஒருமுறை முயன்ற பிள்ளையிடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதாப்பா?" கேட்டால் அந்த நினைப்பை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம் எனக்கும் இருந்தது. அப்படி ஆகாது. கேட்டதும் பாரம் இறங்கிய முகத்தை அன்று பார்த்தேன். பதில் வந்தபின் அறிவுரை வேண்டாம், அழுகையும் சத்தியம் வாங்குவதும் வேண்டாம். தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து எல்லாம் பூட்டிய இடத்துக்குப் போகட்டும்.

காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போகிறவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் அத்தோடு நின்றுவிடாதீர்கள். ஏர்வாடி தர்காவிலேயே துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் சேரட்டும் என்றுதான் அரசு 'தவா துவா' திட்டத்தைக் கொண்டுவந்தது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். ராத்திரி என்றாலும் 14416க்குப் பேசுங்கள். டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். 104லும் பேசலாம். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் யோசிக்காமல் 108. போலீஸ் கேஸாகும் என்று பயந்து மறைத்தவர்களை எனக்குத் தெரியும். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம்.

ரிசல்ட் அன்று பிள்ளையோடு வீட்டில் ஒருவராவது இருங்கள். வெளிநாட்டில் இருக்கும் அத்தாமார்களும் அப்பாக்களும் போனில் முதலில் மார்க்கைக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு மார்க் நமக்கு எதற்கு? தவறியவர்களுக்குத் துணைத்தேர்வு உண்டு, விண்ணப்பிப்பதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். அன்று மாலை ஆறு மணிவரை நான் பள்ளியில்தான் இருப்பேன்.

அந்தப் புறாக்கள் இன்னும் நண்பன் வீட்டில்தான் இருந்தன, நான் மாற்றலாகி வரும்போது. தினமும் சாயங்காலம் இருவரும் சேர்ந்து கம்பு போடுவார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்