அம்மா பின்னிய செடி

ஆதம்பாக்கம், சென்னை
நவம்பர் 16

அன்புள்ள மீனா,

உன் கடிதம் சித்திரையில் வந்தது. இப்போது கார்த்திகை பிறக்கப்போகிறது. ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்திருக்கிறேன் என்பது எனக்கே பொறுக்கவில்லை. கோபித்துக்கொள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவன் புனேயில் வேலை மாறிவிட்டான். சின்னவளுக்குத் தையில் பரீட்சை. உன் முழங்கால் எப்படி? படி ஏறாதே என்று டாக்டர் சொன்னாலும் மொட்டைமாடி வடகத்தை நீ விடப்போவதில்லை. சைக்கிள் அத்தான் போன மாதம் வந்திருந்தார், அதே பழைய பஜ்ஜிக் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். உன்னை நினைத்துக்கொண்டேன்.

அம்மா என்னோடு வந்துவிட்டாள். திருச்சி வீட்டைப் பூட்டியாயிற்று. மாசியில் இரண்டு முறை அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோனாள். மூன்றாவது தடவை மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றிருக்கிறாள். பக்கத்துத் தெரு பால்காரப் பையன் கூட்டிக்கொண்டு வந்து விட்டான். நாற்பது வருடம் நடந்த தெருடி. மருத்துவர் ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, இது மறதி நோய்தான், மெல்ல மெல்லக் கூடும் என்று சொன்னார். எண்பத்தொரு வயது. இதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை மாதம் ஓடிவிட்டது.

இப்போது எழுத உட்கார்ந்தது உன் செடியால்.

2014-ல் கொடைக்கானலிலிருந்து மாற்றலாகி வரும்போது ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு குட்டிச்செடியைப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாயே, அந்த ஸ்பைடர் பிளான்ட். நாலு இலை, நடுவில் வெள்ளைக் கோடு, அடியில் நூல் மாதிரி இரண்டு வேர். “இது சாகவே சாகாது, தைரியமா வை” என்றாய். வைகாசியில் சாகத்தான் போனது.

அம்மா காலையில் எழுந்ததும் பால்கனிக்குப் போய்த் தொட்டியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவாள். பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்து, “ஏன்டி, இந்தச் செடிக்கு யாருமே தண்ணி ஊத்தலையா?” என்று கேட்டு இன்னொரு சொம்பு. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், மதியச் சாப்பாட்டுக்குள் ஏழு சொம்பு. “ஊத்தியாச்சும்மா” என்றால் முகம் சுருங்கிப்போகும். தான் எதையோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று மட்டும் புரிகிறது, என்னவென்று புரிவதில்லை. கனகாம்பரமும் நந்தியாவட்டையும் வாழையுமாகப் பின்கட்டு முழுக்க வளர்த்த கையை எப்படிப் பிடித்துத் தடுப்பது? நான் தடுப்பதை விட்டுவிட்டேன்.

முதலில் இலைகள் வெளிறின, அப்புறம் துவண்டன. தண்ணீர் அதிகமானாலும் குறைந்தாலும் இந்தச் செடி ஒரே மாதிரிதான் துவளும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால்தான் எதுவென்று தெரியும். தொட்டியைக் கழற்றிச் சாய்த்தேன், அடித்தட்டில் தேங்கியிருந்த தண்ணீர் காலெல்லாம் கொட்டியது. மாற்றாமல் விட்ட பூஜாடித் தண்ணீர் நாறுமே, அந்த நாற்றம்.

இதன் வேரை நீ பார்த்திருக்கிறாயா? எனக்கு அன்றைக்குத்தான் முதல்தடவை. வெறும் வேரில்லை அது, சுண்டுவிரல் பருமனுக்கு வெள்ளை வெளேரென்று கிழங்கு கிழங்காக. தண்ணீரை அதில்தான் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் அது நிமிர்ந்து நிற்பதற்கு அதுதான் காரணம். வடக்கே மருந்துக்கு விற்கிறார்களே சஃபேத் முஸ்லிக் கிழங்கு, அதுவும் இந்தச் செடியின் இனமான குளோரோஃபைட்டம்தான். இப்படித் தனக்கென்று குடம் குடமாகத் தண்ணீர் வைத்திருக்கிற செடிக்குத்தான் ஏழு சொம்பு. பாதிக் கிழங்கு பழுப்பாகிவிட்டது. லேசாக அழுத்தினால் தோல் உறை மாதிரி கழன்று வந்து, உள்ளே நரம்பு மட்டும் மிச்சம் இருந்தது.

அழுகினதையெல்லாம் கத்தரித்தேன். கெட்டியாக இருந்த ஐந்தாறு கிழங்கை மட்டும் விட்டுக் கழுவி, அரைநாள் நிழலில் காயவைத்தேன். செம்மண், ஆற்றுமணல், தேங்காய் நார்த்தூள், ஒரு பிடி மண்புழு உரம். பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சின்ன மண்தொட்டியில் வைத்து உறியில் மாட்டினேன். மண்தொட்டி சீக்கிரம் காயும். தண்ணீர் தேங்கத் தட்டும் கிடையாது. அம்மா கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினேன். அதைச் செய்யும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, மீனா.

ஆனால் தாய்ச்செடியில் கை வைப்பதற்கு முன்னாடியே, அதிலிருந்து தொங்கிய ஐந்து குட்டிகளை அறுத்து எடுத்துவிட்டேன். தாய் போனாலும் உன் செடி போகக்கூடாது என்று. நீ எப்போது வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பாய்.

அந்தக் குட்டிகள்தான் எனக்கு வழி காட்டின. குட்டியின் அடியில் பார், குட்டிக் குட்டியாக முடிச்சுகள் முளைவிட்டுக்கொண்டிருக்கும். அந்த இடம் மட்டும் தண்ணீரில் பட்டால் போதும், ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும். இலை முங்கினால்தான் அழுகும். நான் வாய் குறுகலான பழைய ஜூஸ் பாட்டில்களாகப் பார்த்து எடுத்தேன். குட்டி அந்த வாயிலேயே பூ மாதிரி உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் வாய்வரைக்கும்தான் நிற்கும், மிச்சம் வழிந்து கீழே வைத்த தாம்பாளத்தில் விழுந்துவிடும். ஐந்து பாட்டிலையும் ஜன்னலோரம் வரிசையாக வைத்து அம்மாவிடம் சொம்பைக் கொடுத்தேன். ஊற்றம்மா, எத்தனை தடவை வேண்டுமானாலும் ஊற்று.

ஊற்றினாள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதாம் நாள் என்னைக் கூப்பிட்டு, “வேர் விட்டிருக்கு பாரு” என்றாள். பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து எண்ணினாள். மூன்று. மறுநாளும் எண்ணினாள், மறுநாளும் அவளுக்கு அது புதுசு. தினமும் ஒரு குழந்தை பிறந்தது மாதிரி சந்தோஷம். நேற்று எண்ணியது நினைவில்லாததால் இப்படி ஒரு சந்தோஷம் என்று எழுதும்போது நெஞ்சு அடைக்கிறது. ஆனாலும் அந்த முகத்தை நீ பார்க்க வேண்டும்.

ஒன்று சொல்லிக்கொடுக்க மறந்துவிடப்போகிறேன். இரண்டங்குலம் வேர் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். தண்ணீரிலேயே மாதக்கணக்கில் வைத்தால் அந்த வேர் தண்ணீருக்கே பழகிப்போய் மண்ணில் தவிக்கும். இல்லாவிட்டால் நம் பாட்டிகள் மல்லிகைக்குச் செய்வார்களே பதியன், அது இன்னும் சுலபம். தாய்த்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியை வைத்து, குட்டியை அறுக்காமலே அதன் மண்ணில் ஒரு ஹேர்பின்னால் குத்தி வைத்துவிடு. தாயிடம் குடித்துக்கொண்டே வேர் பிடிக்கும். பிடித்ததும் கொடியை அறுக்கலாம். வெள்ளைக் கோடு வேண்டுமென்றால் குட்டியிலிருந்துதான் வளர்க்க வேண்டும். விதை போட்டால் பெரும்பாலும் வெறும் பச்சையாகத்தான் வரும்.

உனக்கு இப்போது ஏன் குட்டியே வரவில்லை என்று கேட்டிருந்தாயே. எனக்கும் முதல் எட்டு வருடம் வரவில்லை. அப்போது ஹாலில் டியூப்லைட்டுக்கு அடியில் இருந்தது. இவர் கிரிக்கெட் பார்த்து முடிக்கப் பதினொரு மணி ஆகும், அதுவரைக்கும் செடிக்கும் பகல்தான். பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து சில வாரம் தொடர்ந்தால்தான் இது நன்றாகக் கொடி விடுமாம். பால்கனிக்கு மாற்றின வருடமே, புரட்டாசிக்கு மேல் பகல் சுருங்கத் தொடங்கியதும், நடுவிலிருந்து மஞ்சளாக ஒரு கம்பி நீண்டது. நுனியில் ஆறிதழ் வெள்ளைப்பூ, அப்புறம் அதே இடத்தில் குட்டி. தொட்டியும் கொஞ்சம் நெருக்கமாக இருக்க வேண்டும். நீ வருடாவருடம் பெரிய தொட்டிக்கு மாற்றி மாற்றி வைத்தால் அது வேர்தான் விடும், குட்டி போடாது.

இன்னொன்று. ஆர்.ஓ. மெஷினில் வெளியே போகிற தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறாய்தானே? நானும் அதைத்தான் செய்தேன். இலை நுனியெல்லாம் காப்பிப்பொடி நிறத்தில் கருகியது, வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்த வெளித்தண்ணீரில்தானே சேர்ந்து வருகிறது? உப்பும் ஃப்ளோரைடும் இதற்கு ஆகவே ஆகாது. இந்த மழைக்கு வாளி வாளியாகப் பிடித்து வைத்து அதைத்தான் ஊற்றுகிறேன். புது இலை நுனிவரைக்கும் பச்சையாக வருகிறது. கருகின நுனி திரும்பப் பச்சையாகாது, வேண்டுமானால் கத்தரித்துவிடு.

கீழ்வீட்டு சார், நாசாவே சொல்லியிருக்கிறது, இது காற்றைச் சுத்தம் பண்ணும், அம்மா படுக்கிற அறையில் நாலு தொட்டி வையுங்கள் என்றார். நாசா 1980-களில் ஆராய்ச்சி செய்தது உண்மைதான். ஆனால் அது காற்றுப் புகாமல் மூடின பெட்டிக்குள். ஜன்னல் திறந்த வீட்டுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. 2019-ல் பழைய ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், கட்டடத்தில் சாதாரணமாக வந்துபோகிற காற்றுக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி, ஆயிரம்வரைகூட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அறையில் நான் இரண்டு ஜன்னலையும் திறந்து வைக்கிறேன். செடியை அவள் பார்ப்பதற்காக வைக்கிறேன்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஆடியில் ஒருநாள் அம்மா ஒரு இலையைக் கிள்ளி வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தாள். கீரை என்று நினைத்துவிட்டாள். எனக்குக் கைகால் ஓடவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்பைடர் பிளான்ட். இதில் விஷம் இல்லை, நாய் பூனை தின்றால்கூடப் பயப்பட வேண்டாத செடி. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே மணிபிளான்ட் இருந்தது, வாசலில் டைஃபன்பேக்கியா இருந்தது. இரண்டிலும் ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகம் உண்டு, வாயும் நாக்கும் எரிந்து வீங்கிப்போகும். அன்றைக்குச் சாயங்காலமே இரண்டையும் வீட்டைவிட்டு அனுப்பினேன். உன் மாமியாருக்கும் வயதாகிறது, உன் பேத்தியும் தவழுகிறாள். படிக்கட்டு ஓரத்து டைஃபன்பேக்கியாவை இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு எடுத்துவிடு. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

தாய்ச்செடி பிழைத்துக்கொண்டது. புரட்டாசி கடைசியில் மூன்று கொடி விட்டது, ஒவ்வொன்றும் என் கை நீளம். இனி நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

போன செவ்வாய்க்கிழமை மழை. அடுப்படியில் இருந்தேன். பால்கனியில் சத்தமே இல்லை. பயந்துகொண்டு போய்ப் பார்த்தால் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கு மேலே உறி, முகத்துக்கு நேரே மூன்று கொடிகள். அதை அவள் பின்னிக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஒடியவில்லை. வலது கொடியை எடுத்து நடுக்கொடிமேல் போட்டு, இடது கொடியை எடுத்து அதன்மேல் போட்டு, ஒவ்வொரு மடிப்புக்கும் கட்டைவிரலால் ஒரு இழுப்பு. குட்டிகள் பின்னலில் மாட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துவிட்டாள், காதோரத்து முடியை ஒதுக்குவாளே அப்படி. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாத அம்மா. அடிவரைக்கும் பின்னி முடித்துவிட்டு இடது கையை நீட்டினாள். என்னம்மா என்றேன். “ரிப்பன்” என்றாள்.

என் பழைய சேலைக் கிழிசலைக் கொடுத்தேன். கட்டினாள். கட்டிவிட்டு, “அந்தப் பொண்ணு எங்க? கனமான முடி, உக்காரவே மாட்டாளே, அவளைக் கூப்பிடு, ஸ்கூலுக்கு நேரமாச்சு” என்றாள்.

உன் பெயர் அவளுக்கு வரவில்லை, மீனா. நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் முதலில் எனக்கு, அப்புறம் உனக்கு என்று தினமும் எட்டரை மணிக்கு நம் இரண்டு பேரையும் திண்ணையில் உட்காரவைத்துப் பின்னிய வரிசை அவளுக்குத் தெரிகிறது.

இந்தச் செடிக்கு 1794-ல் துன்பெர்க் என்ற ஸ்வீடன்காரர் கொமோசம் என்று பெயர் வைத்தார். தென்னாப்பிரிக்காவில் பார்த்த செடி. அந்த லத்தீன் சொல்லுக்கு அடர்ந்த முடி உள்ளது என்று அர்த்தமாம். ராத்திரி இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் தூங்கவில்லை. பின்னலை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.

பொங்கலுக்கு வா. முடி கொட்டிப்போச்சு, எலிவால் மாதிரி ஆயிடுச்சு என்றெல்லாம் சாக்குச் சொல்லாதே, எலிவாலாக இருந்தாலும் அவள் பின்னுவாள். தலையைப் பின்னாமல் வா. எட்டரைக்குள் வந்துவிடு.

உன்
கௌரி

பி.கு: சைக்கிள் அத்தான் வியாழக்கிழமை மதுரை வருகிறார், அவரிடம் இரண்டு குட்டி கொடுத்துவிடுகிறேன். வேரை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருப்பேன், அன்றைக்கே மண்ணில் வைத்துவிடு. ஒரு வாரம் நேர்வெயில் வேண்டாம். பெரியதில் ஆறு வேர் இருக்கிறது, அம்மா எண்ணியது.