வீட்டு மானியம்: அஸ்திவாரத்திலேயே முடிவாகிவிடும் கணக்கு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகும் ஊர்க்காரர்களின் மனுக்களோடு ஒன்றிய அலுவலகத்துக்கு நடக்கிறாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். உன்னை வீட்டில் உட்காரச் சொல்லி யார் ஜெயித்திருக்கிறார்கள்!

மானியம் வந்தும் இத்தனை வீடுகள் லிண்டலோடு (கதவு, ஜன்னலுக்கு மேலே போடும் குறுக்குக் கான்கிரீட்) ஏன் நிற்கின்றன என்று கேட்டிருந்தாய். அரசு கட்டிக் கொடுத்த பழைய தொகுப்பு வீடுகளில் மூன்றின் கூரை பெயர்வதையும் எழுதியிருந்தாய். எல்லாரும் லஞ்சத்தையும் தாமதத்தையும் சொல்வார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் பாதிக்கு மேல் சுண்ணாம்புக் கோடு போடுகிற அன்றே கெட்டுவிடுகிறது. பிரதமர் வீடு திட்டத்தில் (ஊரகம்) சமவெளிக்கு 1.20 லட்சம், தமிழக அரசு கான்கிரீட் கூரைக்காக இன்னொரு 1.20 லட்சம் சேர்க்கிறது. விதிப்படி சமையலறையும் சேர்த்துக் குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி கட்ட வேண்டும். 2.40 லட்சத்தை 269-ஆல் வகுத்துப் பார்: சதுர அடிக்கு 900 ரூபாய்கூட இல்லை. இந்தப் பணத்தில் 269 அடியே இழுபறி. 'குறைந்தது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, கட்டுவதே கட்டுகிறோம் என்று மேஸ்திரி 500 அடிக்கு வானம் தோண்டுகிறார். நாலரை அங்குலக் கூரைத் தளம் 300 அடிக்கு ஏறக்குறைய 25 மூட்டை சிமெண்ட்டில் முடியும். 500 அடிக்கு 42 மூட்டை, அதற்கேற்ற கம்பி, சென்ட்ரிங் வாடகை. தவணையோ அளவைப் பார்த்து வருவதில்லை, நிலையைப் பார்த்து வருகிறது. பேஸ்மென்ட் (சுவர் எழும்பும் அடிமேடை), லிண்டல், கூரை என ஒவ்வொன்றையும் ஓவர்சீயர் செயலியில் படம் எடுத்து ஏற்றினால்தான் அடுத்த பணம். பெரிய பேஸ்மென்ட்டில் கைக்காசைக் கொட்டியவருக்கு அடுத்த நிலையை எட்ட வழியிருக்காது. எட்டாமல் தவணையும் வராது. பிறகு வட்டிக்கடைதான். பின்னால் ஒரு அறை சேர்க்க ஆசையென்றால், அந்தப் பக்கச் சுவரில் இப்போதே ஒரு கதவு அளவுக்கு லிண்டல் போட்டு, கீழே செங்கல்லால் அடைத்து வைக்கச் சொல். அது போதும்.

தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 3.50 லட்சம், 360 சதுர அடி. அதில் 300 அடி கான்கிரீட், மீதி 60 அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. ஆனால் குடிசையில் இருப்பவருக்கு, சொந்தப் பட்டா மனையில் மட்டும்.

பட்டா விஷயம் உனக்கே தெரியும். செத்துப்போன அப்பா பெயரிலோ கூட்டாகவோ இருந்தால், வாரிசுச் சான்றும் பெயர் மாற்றமும் முடித்துவிட்டுக் கிராம சபைக்குப் போகட்டும். பணி ஆணை வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் 12 மாதக் கெடுவில் பாதி அங்கேயே கரையும்.

யாரும் கவனிக்காத இடம் வங்கிக் கணக்கு. ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போய் விழும். கொடுத்த பாஸ்புக்கை வைத்துக்கொண்டு பணம் வரவில்லை என்று சண்டை போடுவார்கள். அது வேறு வங்கியில் கிடக்கும். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். முழு ஆவணம் கொடுக்காமல் தொடங்கிய 'சிறு கணக்கு' இன்னும் மோசம்: வருட வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. தவணை திரும்பிப் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். முதல் தவணைக்கு முன்பே முழு கே.ஒய்.சி. (அடையாள, முகவரி ஆவணங்கள்) கொடுக்க வை. வேலை அட்டையையும் பார். 2025-26 இல் சொந்த வீட்டு வேலைக்கு நூறு நாள் திட்டத்தில் 90 நாள் கூலி இருந்தது. அன்றைய விகிதம் நாளுக்கு 336 ரூபாய் என்றால் முப்பதாயிரத்துக்கு மேல். என்.எம்.ஆர். என்ற வருகைப் பட்டியலில் பெயர் ஏற்றாமல் விட்டுவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது.

சிமெண்ட்டும் கம்பியும் ஒன்றியக் கிடங்கிலிருந்து தந்து, விலையைத் தவணையில் கழிப்பார்கள். மூட்டையில் எந்த வாரம் தயாரானது என்று அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டியதை வாங்க வேண்டாம். தளத்துக்கு சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற கலவை. மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். கொட்ட வசதியாக இருக்கிறதென்று குழைய விடுவதுதான் நம் கொத்தனார்களின் பெரிய பாவம். கம்பிக்கடியில் 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தி அடியில் கான்கிரீட் மூட வைக்கும் சிறு கட்டை) கட்டாயம். ஜல்லிக்கல்லைச் செருகினால் கொட்டும்போது நழுவிவிடும்.

அந்தக் கவர் இல்லாததன் விளைவைத்தான் நீ எழுதிய பழைய தொகுப்பு வீடுகளில் பார்க்கிறோம். 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய வீடுகளைப் பழுதுபார்க்க 2024-25 இல் 2,000 கோடி ஒதுக்கினார்கள், இரண்டரை லட்சம் வீடுகளுக்கு. பணத்தை எதில் செலவழிக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. காரை பெயர்ந்த உட்கூரையில் சிமெண்ட் அப்பி வெள்ளை அடித்துவிடுகிறார்கள். உள்ளே கம்பி துருவேறிப் பருத்துக்கொண்டே இருக்கும். பூச்சு ஓரிரு மழைக்காலத்தில் மறுபடி கழன்று தலையில் விழும். முதலில் மேல்தளத்தில் தண்ணீர் தேங்குவதை நிறுத்த வேண்டும், பத்தடிக்கு இரண்டு அங்குல வாட்டம் கொடுத்து. அதன் பிறகுதான் கீழே. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் வெற்றுச் சத்தம் வரும் இடமெல்லாம் செத்த கான்கிரீட். அதைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மிஞ்சிய கம்பியின் கனத்தை அளக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி 7-க்கு வந்திருந்தால் பலத்தில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. பக்கத்தில் புதுக் கம்பி கட்டு, இரு முனையும் நல்ல கம்பியோடு 40 செ.மீ. ஒட்டிப் போகிற மாதிரி. வரிசையாக எல்லாக் கம்பியும் அப்படி என்றால் பழுதுபார்ப்பதே வீண். இடித்துக் கட்டும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு எழுதிக் கொடு.

நீ சொன்ன அந்த மூன்று வீட்டையும் உள்ளே முட்டுக் கொடுத்த பிறகே தட்டிப் பார்க்கச் சொல். கம்பி அளவு தெரிந்ததும் எழுது. மதிப்பீட்டை நான் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்