குழந்தையின் வயிற்றுவலிக்குப் பேதி மருந்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைக்கு வயிறு வலித்தால் சூடு என்றோ செரிக்கவில்லை என்றோ எண்ணி, விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. வலிக்குக் காரணம் குடல்வால் அழற்சியாக, அதாவது பெருங்குடலின் தொடக்கத்தில் வால்போல் உள்ள சிறு பகுதி வீங்கும் ‘அப்பெண்டிசைட்டிஸ்’ நோயாக இருந்தால், அந்தப் பேதி மருந்து குடல்வால் வெடிக்கும் அபாயத்தைக் கூட்டிவிடும்.

இந்நோய் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களிடமே மிகுதி. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ வந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல். 5 வயதுக்கு உட்பட்டோருக்கு அரிதாகவே வருகிறது என்றாலும், நோய் கண்டறியப்படும்போது அவர்களில் பெரும்பாலோருக்குக் குடல்வால் ஏற்கெனவே வெடித்திருக்கும். வலிக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாத வயது அது. வாந்தி, காய்ச்சலோடு சில வேளை வயிற்றுப்போக்கும் சேர்ந்து சாதாரண வயிற்றுக் கோளாறுபோலத் தோன்றும். தொற்றைச் சூழ்ந்து தடுக்கும் கொழுப்புத் திரையும் முழுதாக வளர்ந்திராததால், சீழ் வயிறெங்கும் எளிதில் பரவிவிடுகிறது.

தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தாலோ, குழந்தை நடக்கவே மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குடல்வால் வெடித்ததும் வலி சற்றுத் தணிவதுண்டு. அதைக் குணமென்று நம்பிவிடக் கூடாது என்பதைப் பெற்றோருக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இவ்வறிகுறிகளைச் சுகாதாரத் துறை கற்பிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி