அந்த நான்கு நிமிடம்

தஞ்சாவூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தொப்புளைச் சுற்றி வட்டம் போட்டு, விட்டத்துக்கு இரண்டு பக்கமும் அம்புக்குறி வைத்து, ‘2 செ.மீ.’ என்று குறித்து, கீழே ‘படம் அளவுத்திட்டப்படி வரையப்படவில்லை’ என்று ஒரு குறிப்பு வேறு. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் தன் தொப்புளை வரைந்தால் இப்படித்தான் இருக்கும். மரகதத்திடம் காட்டினேன். சிரித்து முடிக்க அவளுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.

உன் தொப்புள் ஹெர்னியாவுக்கு, அதாவது தசையில் விழுந்த ஓட்டை வழியாக உள்ளே இருப்பது பிதுங்கும் அந்தக் குடலிறக்கத்துக்கு, ஒரு டாக்டர் தையல் மட்டும் போதும் என்கிறார், இன்னொருவர் ஓட்டையை அடைக்க வலை வைக்க வேண்டும் என்கிறார், வலை வைத்தால் பின்னால் புற்றுநோய் வரும் என்று உன் மச்சினன் சொல்கிறான், நான் யாரை நம்ப என்று கேட்டிருக்கிறாய். மச்சினனை விட்டுவிடு. மற்ற இருவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு நோயாளியைப் பற்றி எழுத வேண்டும். எட்டு மாதமாக மனசில் கிடக்கிறது, இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அங்கே போன வருஷம் ஒரு அம்மா வந்தார். அறுபதை நெருங்கும் வயது, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். சேலைக் கொசுவத்துக்கு மேலே ஒரு பழைய வேட்டித் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். அவிழ்த்ததும் வயிற்றின் நடுவில் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பி எழுந்தது. மேலிருந்து கீழாக ஒரு நீளத் தழும்பு. படுக்க வைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னேன். தோலுக்குக் கீழே குடல் நெளிவது கண்ணுக்கே தெரிந்தது. விரலை வைத்தால் இரண்டு தசைக்கும் நடுவே ஒன்பது சென்டிமீட்டர் வெறும் வெளி. ஆபரேஷன் செய்த இடத்தில் பிறகு வரும் ஹெர்னியா, தழும்புக் குடலிறக்கம்.

பழைய சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து நீட்டினார். 2011. குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ். கீழே கையெழுத்து என்னுடையது.

எனக்கு அந்த இரவு ஞாபகம் இல்லை, சண்முகம். அரசு மருத்துவமனையில் அப்படி எத்தனையோ இரவுகள். ஆனால் எப்படி மூடியிருப்பேன் என்று தெரியும். மூன்று மணி இருக்கும். மயக்க மருத்துவர் ‘முடிச்சாச்சா’ என்று இரண்டு தரம் கேட்டிருப்பார். தடிமனான நூல், பெரிய ஊசி, விளிம்பிலிருந்து ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் தள்ளிக் குத்தி, அதே அளவு இடைவெளி விட்டு, இழுத்து இறுக்கி முடிச்சு. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறையே அதுதான். ‘நல்லா அகலமா எடுடா, அப்பத்தான் தாங்கும்’ என்பார் எங்கள் சீஃப்.

‘அம்மா, முதல் ஆபரேஷனும் நான்தான் செஞ்சேன்’ என்றேன்.

‘தெரியும் சார், சீட்டுல பேரு இருக்கே. அப்ப இந்தத் தடவை பாதிக் காசுதான?’

நான் என் பங்கை வாங்கவில்லை. அது பெரிய விஷயமும் இல்லை.

உடனே கத்தி வைக்கவும் இல்லை. சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் இருந்தது, இருமலும் இருந்தது. மூன்று மாதம் கெடு கொடுத்து, மூன்று மாதச் சராசரி காட்டும் அந்த ரத்தப் பரிசோதனை எண் எட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் தேதி குறித்தேன். சர்க்கரை, உடம்பு எடை, புகை இந்த மூன்றையும் சரிசெய்யாமல் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் பாதி வேலை வீண்.

பழைய தழும்பைத் திறந்தபோது தசை விளிம்பிலிருந்து தள்ளி, கொழுப்புக்குள், நீல நூல் ஒன்று வளையமாகக் கிடந்தது. நூலும் அறவில்லை, என் முடிச்சும் அவிழவில்லை. அவித்த முட்டையை நூலால் அறுப்பார்களே, அப்படி அந்த நூல் தசையுறையை அறுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. வெட்டி எடுத்து ஒரு துணியில் வைக்கச் சொன்னேன். சிஸ்டர் எதற்கு என்று கேட்கவில்லை.

நீ கணக்கு கேட்பாய், எழுதுகிறேன். இந்த வகை ஹெர்னியாவை வெறும் தையலில் மூடுவதா, வலை வைத்து மூடுவதா என்று நெதர்லாந்துக்காரர்கள், யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒப்பிட்டார்கள். 2000-இல் முடிவு வந்தது. மூன்று வருஷத்தில் திரும்ப வந்தது தையலில் 43 சதவீதம், வலையில் 24. அதே நோயாளிகளை விடாமல் பின்தொடர்ந்து பத்து வருஷக் கணக்கை 2004-இல் வெளியிட்டார்கள். தையலில் 63, வலையில் 32. அவர்கள் எடுத்துக்கொண்டதோ ஆறு சென்டிமீட்டர் வரையிலான ஓட்டைகளைத்தான். வெறும் தையல் தோற்றது என்று இதைப் படித்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வலை வைத்தும் மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வந்ததே, அதை யாரும் உரக்கச் சொல்லவில்லை.

வலை என்றால் என்னவோ ஏதோ என்று பயப்படாதே. சிமென்ட் சாக்கு நெய்கிறார்களே, அதே பாலிப்ரொப்பிலீன். டெக்சாஸில் அஷர் என்ற சர்ஜன் 1950களின் கடைசியில் பிளாஸ்டிக் வலையை வயிற்றுக்குள் வைக்க ஆரம்பித்தார். பாலிப்ரொப்பிலீன் சற்றுப் பிந்தி வந்தது. நம் உடம்பு அதன் கண்களுக்குள் நாரிழைகளை வளர்த்துத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். இவ்வளவு எளிய பொருளுக்குக் கம்பெனிகள் வைக்கும் விலையைப் பார்த்து எரிச்சல்பட்ட நம் ஆள் ஒருவர் உண்டு. மகாராஷ்டிரத்தில் தொண்டாயிச்சா என்ற சிற்றூரில் டாக்டர் டோங்காவ்கர், கொசுவலைத் துணியையே கிருமி நீக்கித் தொடைமடிக் குடலிறக்கத்துக்கு வைத்து, 2003-இல் கட்டுரையும் எழுதினார். சிரித்தவர்கள் உண்டு. 2016-இல் உகாண்டாவில் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விலை மலிந்த கொசுவலைக்கும் கம்பெனி வலைக்கும் ஒரு வருஷ முடிவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

எதை வைக்கிறோம் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதுதான் என்னைக் கேட்டால் பெரிது. கோவில்பட்டியில் நம் சைக்கிள் டயர் கிழிந்தால் அண்ணாச்சி என்ன செய்வார்? பழைய டயர்த் துண்டு ஒன்றை உள்பக்கமாக வைப்பார். காற்று அடிக்க அடிக்க அது டயரோடு இன்னும் இறுகும். வெளியே ஒட்டியிருந்தால் அதே காற்று பிய்த்துத் தள்ளும். வயிற்றிலும் இதே கதைதான். தசைக்கு மேலே, தோலுக்கு அடியில் வைப்பது சுலபம். ஆனால் நீர் கோக்கும், சீழ் பிடித்தால் வலையே வெளியே வரும். வயிற்றுக்குள்ளே வைத்தால் குடலோடு ஒட்டும், அதற்கென்று பூச்சு பூசிய விலை கூடிய வலை வேண்டும். பிரான்சில் ரீவ், ஸ்டோப்பா என்ற இருவர் காட்டிய இடம் நடுவில். வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் நேர்தசைக்குப் பின்னால், அதன் பின்னுறைக்கு முன்னால். குடல் தொடாது, தோல் தொடாது, தசையின் ரத்த ஓட்டம் பக்கத்திலேயே இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு அப்படித்தான் வைத்தேன். உறையைத் திறந்து தசையைப் பின்பக்கத்திலிருந்து பிரித்துக்கொண்டே பக்கவாட்டில் போக வேண்டும். விளிம்பில் மல்லிகை நார் தடிமனுக்கு நரம்புகள் வரும். அவற்றை அறுத்தால் தசை செத்துத் துணியாகிவிடும். அங்கேதான் நேரம் போகும். இன்னும் அகலமான ஓட்டை என்றால் பக்கத் தசைகளின் அடுக்கையே விடுவித்து நடுவுக்கு இழுக்க வேண்டும். 1990-இல் ராமிரெஸ் முன்பக்கமாக ஒரு வழி சொன்னார், 2012-இல் நோவிட்ஸ்கி பின்பக்கமாக ஒரு வழி சொன்னார். இந்த அம்மாவுக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை. பின்னுறை சேர்ந்தது, வலையை விரித்தேன், முன்னுறையும் சேர்ந்தது.

சேர்க்கும்போது சின்ன ஊசி, மெல்லிய நூல். விளிம்பிலிருந்து ஐந்து மில்லிமீட்டர், அடுத்த குத்து ஐந்து மில்லிமீட்டர் தள்ளி. ஸ்வீடனில் இஸ்ராயெல்சனும் கூட இருந்தவர்களும் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தது இது. 2015-இல் நெதர்லாந்தில் சோதித்தார்கள். ஒரு சென்டிமீட்டர் அகலக் குத்தில் மூடியவர்களில் ஒரு வருஷத்தில் 21 சதவீதத்துக்கு ஹெர்னியா. சின்னக் குத்தில் 13. மூடுவதற்கு ஆன நேரம் பெரிய குத்துக்குச் சராசரி 10 நிமிடம், சின்னதுக்கு 14.

நான்கு நிமிடம், சண்முகம். காபி ஆறுவதற்குக்கூட அதற்கு மேல் ஆகும்.

அந்த ஆராய்ச்சி, நாள் குறித்துச் செய்த ஆபரேஷன்களில் செய்தது. நடுராத்திரிச் சீழ் வயிற்றுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சாதிக்க மாட்டேன். அந்த அம்மாவுக்குப் புண்ணில் சீழ் பிடித்துப் பல நாள் கட்டுப் போட்டதும் சீட்டில் இருக்கிறது, அதுவும் ஒரு காரணம். 2011-இல் இது பாடப்புத்தகத்தில் இல்லை என்றும் சொல்லலாம். எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த நீல வளையம் மேஜை டிராயரில் இருக்கிறது.

இப்போது பயிற்சி டாக்டர்கள் கூட நிற்கும்போது, தைத்து முடித்ததும் மீதி நூலை ஸ்கேலால் அளக்கச் சொல்கிறேன். காயத்தின் நீளத்தைப்போல் நான்கு மடங்காவது நூல் செலவாகியிருக்க வேண்டும். குறைந்தால் அவிழ்த்துத் திரும்பத் தை. ‘சார், டெய்லர் கடையா இது’ என்று ஒரு பெண் முணுமுணுத்தாள். நல்ல கை அவளுக்கு.

அந்த அம்மா நன்றாக இருக்கிறார். எட்டு மாதம் என்பது ஹெர்னியா கணக்கில் தவழும் பருவம்தான், அதனால் வாயைத் திறக்க மாட்டேன்.

இனி உன் தொப்புள். ஒன்று முதல் நான்கு சென்டிமீட்டர் வரையிலான தொப்புள் குடலிறக்கத்தில் தையலையும் வலையையும் ஒப்பிட்ட முடிவு 2018-இல் வந்தது. திரும்ப வந்தது தையலில் 12 சதவீதம், வலையில் 4. ஆகவே இரண்டாவது டாக்டர் சொன்னது சரி. முதலாமவரைத் திட்டாதே. அமெரிக்க சர்ஜன் மேயோ 1901-இல் சொன்ன மடித்துத் தைக்கும் முறையில் பழகிய தலைமுறை அவர், நானும் அதில்தான் பழகினேன். உன் அளவுக்கு, துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி தேவையில்லை என்பது என் எண்ணம். தொப்புளுக்குக் கீழே சின்னதாகத் திறந்து, வயிற்றின் உட்புறத்தைப் போர்த்திய உள்சவ்வுக்கு முன்னால் உள்ளங்கையில் பாதி அளவு வலை வைத்தால் போதும். மறுநாள் வீட்டுக்குப் போகலாம், அன்றே நடக்கலாம். ஒன்றரை மாதம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் தூக்கக் கூடாது. நீ எப்போது தூக்கினாய் என்று கமலா கேட்பாள், அது வேறு.

அவசரம் இல்லை. சிகரெட்டை விட்டு நான்கு வாரமாவது ஆகட்டும், தொப்பையும் கொஞ்சம் இறங்கட்டும். பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டால் மூடிக்கொள்ளும் என்று கடைக்காரன் சொன்னால் நம்பாதே, அது தாங்கும், மூடாது. ஒன்று மட்டும்: வீக்கம் உள்ளே போகாமல் கல்லாகி, வலித்து, வாந்தி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே. எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே போ.

இங்கே செய்துகொள்வதாக இருந்தால் தை பிறந்ததும் வா. நானே செய்கிறேன், அந்தப் பெண்ணை எதிரில் நிறுத்திக்கொண்டு. அளப்பதற்கு நீ உன் ஸ்கேலைக் கொண்டுவந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கடலைமிட்டாய் வேண்டாம், எனக்கும் சர்க்கரை எட்டைத் தொட்டுவிட்டது. கமலாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
ராஜாமணி