மூன்று பட்டைக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

வெள்ளைக் காரில் மூன்று பட்டை. சொன்னால் இவ்வளவுதான். அதை முடிக்க எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆனது. போன ஞாயிற்றுக்கிழமை இரவு நடந்த எங்கள் கணினிக் கார்ப் பந்தயத்தில் அந்தக் காரைப் பார்த்துவிட்டு "யார் போட்டது?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து மனசு உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல். "பேரைப் போட்டுத் தொலைச்சிடாத" என்று பாதிப் பேர் சொன்னதால் யார் பெயரும் இதில் இல்லை. அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி பெரியம்மாவுக்கு. பெரியப்பா கப்பலில் வேலை பார்த்த காலத்தில் ஹாம்பர்க்கில் வாங்கி வந்த பொம்மைக் கார் ஒன்று, தங்கச்சிமடம் வீட்டு ஷோகேஸில் மாதா சுரூபத்துக்கும் வலம்புரிச் சங்குக்கும் நடுவில் நிற்கும். சின்ன வயதில் எங்களில் ஒருவரையும் தொட விட்டதில்லை. இந்த முறை கேட்டதும் சேலைத் தலைப்பால் துடைத்து, "டயர் கழண்டுச்சு, வீட்டுப் பக்கம் வராத" என்று சொல்லிக் கையில் கொடுத்தார்.

அது பி.எம்.டபிள்யூ 3.0 சி.எஸ்.எல். அதன் உடம்பில் ஓடும் மூன்று பட்டையைத்தான் என் காரில் போட நினைத்தேன். 1973-இல் ஐரோப்பிய டூரிங் கார் பந்தயப் பட்டத்தை ஓட்டுநர் டோயின் ஹெசெமன்ஸுக்கு வாங்கிக் கொடுத்த வண்டி. பி.எம்.டபிள்யூ தன் மோட்டார்ஸ்போர்ட் பிரிவைத் தனியாகத் தொடங்கியது 1972-இல்தான். மறு வருடமே இந்த வெற்றி. எடையைக் குறைக்கக் கதவையும் பானெட்டையும் அலுமினியத்தில் செய்தார்கள். பின்பக்கம் நிற்கிற பெரிய இறக்கையால் 'பேட்மொபைல்' என்று பட்டப்பெயர். அந்த இறக்கைக்கு அப்போது ஜெர்மன் சாலைகளில் அனுமதி கிடையாது. சரி என்று கழற்றி டிக்கிக்குள் வைத்து விற்றார்கள். சட்டத்துக்கும் மரியாதை, இறக்கையும் வீட்டுக்கு.

நான் பட்டை போட எடுத்தது அதே பி.எம்.டபிள்யூவின் எம்4 ஜிடி3. 2022 முதல் பந்தயங்களில் ஓடுகிற வண்டி. அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே என்ற கணினிப் பந்தய விளையாட்டில் எங்கள் ஆட்கள் பலர் ஓட்டுவது. இரண்டுக்கும் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கிற எஞ்சின். அதைத் தவிர உருவத்தில் சொந்தமே கிடையாது. பழையது ஒல்லி உடம்பு, பெரிய ஜன்னல். புதியது ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி மூக்கை விரித்துக்கொண்டு நிற்கிறது.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காரின் தோலை உரித்துத் தட்டையாக விரித்த மாதிரி ஒரு சதுரப் படம் இருக்கும், பக்கத்துக்கு 4096 புள்ளி. கதவு ஒரு மூலையில், பம்பர் இன்னொரு மூலையில், சில துண்டுகள் தலைகீழாக. டெய்லர் வெட்டிப் போட்ட துணித் துண்டுகளில் கோடு வரைந்து, தைத்த பிறகு கோடு எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும் என்றால் எப்படியோ, அப்படி. எனக்குச் சேரவே இல்லை. கட்டம் கட்டமாக எண் எழுதிய படம் ஒன்றை முதலில் காருக்குப் போட்டு, எந்த எண் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தான் ஒரு கோயம்புத்தூர் தம்பி. அவனுக்கு நன்றி. மூன்று வாரமாக முட்டிக்கொண்டிருந்தது ஒரே இரவில் சேர்ந்துவிட்டது.

சேர்ந்தது, ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. பொம்மைக் காரில் விறைப்பாக நிற்கிற அதே பட்டை, இதில் துணி காயப்போட்ட கொடிக்கயிறு மாதிரி தொய்ந்து கிடந்தது. அளந்து பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் ஒரே உயரம். குறை எங்கே என்றே புரியவில்லை.

இங்கேதான் பெயின்டர் மாமா வருகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற எனக்கு அப்போது ஈ ஓட்டுகிற வேலை. அவருக்கோ வருடத்தில் அந்த 61 நாள்தான் தலைக்குமேல் வேலை. பாம்பன் தெற்குவாடியில் கரையேற்றி வைத்த ஒரு படகின் அணியத்தில், அதாவது முன்மூக்கில், 'ஐஎன்டி டிஎன் 10 எம்எம்' என்று பதிவு எண் எழுதிக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன்.

"மாமா, கோடு நேராத்தான் இருக்கு. ஆனா தொங்குது."

"மட்டம் பாத்துப் போட்டியா?"

"ஆமா."

"அதான் தொங்குது."

அப்புறம் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் போட்டுவிட்டு எழுந்து வந்தார். படகின் மேல்விளிம்பு அணியத்தை நோக்கி ஏறும். அதற்குக் கீழே மட்டமாகக் கோடு இழுத்தால், படகு மூக்கைத் தண்ணீரில் குத்துகிற மாதிரி தெரியும். அதனால் கோடும் விளிம்போடு கொஞ்சம் ஏற வேண்டும், ஆனால் விளிம்பு ஏறுகிற அளவுக்கு ஏறக் கூடாது. எவ்வளவு என்று கேட்டேன். அவர் வாயால் சொல்லவில்லை. வளைகிற மெல்லிய மர ரீப்பர் ஒன்றை மூன்றே ஆணியில் படகோடு நிறுத்தி, இருபது அடி பின்னால் நடந்துபோய்ப் பார்த்தார். வந்து நடு ஆணியை ஒரு விரல் நகர்த்தினார். மறுபடி நடந்தார். நான்காவது தடவைதான் பென்சிலை எடுத்தார். கச்சான் காற்றில் வேட்டி பறக்க, அந்த மனிதர் ஒரு கோட்டுக்காக நடந்த நடையை எண்ணினால் தங்கச்சிமடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து கணினியில் என் படக் கோப்பைத் திறந்தேன். பட்டையின் ஓரத்தை வளைக்க நான் குத்தி வைத்திருந்த புள்ளிகள் பதினொன்று. எட்டை அழித்தேன். மூன்று ஆணி. எம்4-இன் ஜன்னலுக்குக் கீழே ஓடும் விளிம்பு பின்பக்கம் ஏறுகிறது, சி.எஸ்.எல்லில் அது கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கும். பழைய காரின் மட்டக்கோட்டைப் புதிய காரில் வைத்தால் தொங்காமல் என்ன செய்யும்? வால் பக்கம் கொஞ்சம் தூக்கினேன், நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சுவரில் சாய்ந்து பார்த்தேன், மறுபடி தூக்கினேன். விடிகிற நேரத்தில் பட்டை நிமிர்ந்தது.

பின் சக்கரத்துக்கு மேலே மட்டும் இன்னும் மெலிந்து தெரிந்தது. உடம்பு அங்கே வெளியே புடைத்து, பட்டை வானத்தைப் பார்க்கத் திரும்புகிறது. பக்கத்தில் நிற்பவன் கண்ணுக்கு அதன் முழு அகலம் கிடைக்காது. இதற்கு மாமாவின் வைத்தியம் ஒரே வரி: "திரும்புற எடத்துல அரை விரல் கூட்டு." அதைப் பென்சிலால் போட்டுக் காட்ட அவருக்குக் காகிதம் வேண்டியிருந்தது. காரின் பக்கத் தோற்றத்தை ஏ3 தாளில் ஆறு பிரதி எடுத்துத் தந்து நாலுக்கு மட்டும் காசு வாங்கிய ஜெராக்ஸ் கடை அக்காவுக்கும் நன்றி.

அடுத்து நிறம். மியூனிக்கில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் என் முதல் படத்தைப் பார்த்ததுமே, "தம்பி, நடுவில இருக்கிறது கடும்நீலமில்லை, ஊதா. வடிவாப் பாரும்" என்று எழுதினார். ஒரு பழைய கார் கண்காட்சியில் தான் எடுத்த படங்களையும் அனுப்பினார். அவர் சொன்னது சரி. மோட்டார்ஸ்போர்ட் பிரிவின் இன்றைய 'எம்' முத்திரையில் நடுவில் இருப்பது கருநீலம், அன்றைக்கு ஊதா. நீலம் பி.எம்.டபிள்யூவுக்கு, சிவப்பு பந்தயத்துக்கு, இரண்டையும் சேர்க்கிற நிறமாக நடுவில் ஊதா. இதைக் கேட்ட பெயின்டர் மாமா சிரட்டையில் நீலத்தையும் சிவப்பையும் கலந்து காட்டினார். கண்மாய்ச் சேறு மாதிரி ஏதோ வந்தது. "ஜெர்மன்காரன் வேற டப்பா வாங்கியிருப்பான்" என்று சிரட்டையைத் தூக்கிப் போட்டார். ஆனால் அவருடைய எனாமல் வெயிலில் மின்னுகிற விதம் எனக்கு உதவியது. விளையாட்டில் காரின் உலோக மினுக்கைச் சுழியத்தில் வைத்து, மேற்பூச்சின் பளபளப்பையும் குறைத்தபோதுதான் கார் எழுபதுகளுக்குப் போனது.

துபாயிலிருந்து தன் பழைய ஸ்டியரிங் வீலைப் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்த மச்சானுக்கும், உப்புக்காற்றில் துருப்பிடித்த பெடல் ஸ்க்ரூக்களை இரண்டு முறை மாற்றித் தந்த லேத் பட்டறைத் தம்பிக்கும், இன்வெர்ட்டரில் முதலில் ஃபேனா கம்ப்யூட்டரா என்ற வழக்கில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன அம்மாவுக்கும் நன்றி.

கூட ஓட்டுகிற நண்பர்களுக்கும்தான். நாம் போடுகிற பட்டை மற்றவர் திரையில் தெரிய வேண்டுமானால் அதே கோப்புறை அவர்கள் கணினியிலும் இருக்க வேண்டும். அத்தனை பேரும் சலிக்காமல் இறக்கி வைத்தீர்கள். ஒருவர் மட்டும் கோப்புறையின் பெயரைத் தானாகவே "அழகாக" மாற்றிவிட்டு, பந்தயம் முழுக்க வெறும் வெள்ளைக் காரைப் பார்த்துக்கொண்டு "பட்டை எங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கொஞ்சம் குறைவாக நன்றி.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டன. இப்போதுதான் மாமாவுக்கு நேரம். நேற்று வீட்டுக்கு வந்து, காப்பியோடு உட்கார்ந்து, கார் இரண்டு சுற்று ஓடுவதைப் பார்த்தார். பட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கதவில் நான் போட்டிருந்த 51-ஐக் காட்டி, "அஞ்சுக்கு வயிறு பெருசு, ஒண்ணு ரொம்பத் தள்ளி நிக்குது" என்றார். அது 1973 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஹெசெமன்ஸும் டீட்டர் குவெஸ்டரும் ஓட்டி, தங்கள் பிரிவில் வென்ற காரின் எண் என்று சொன்னேன். "யார் நம்பரா இருந்தா என்ன" என்றார்.

எண்ணை அவர் கையால் எழுதித் தருகிறார். புதன்கிழமை இரவு புதுக் கோப்புறை அனுப்புகிறேன். பழையதை அழித்துவிட்டு அதைப் போடுங்கள். பெயரை மாற்றாதீர்கள்.