வலிக்காமல் சீவிவிட்ட கைகளுக்கு

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடும் அம்மாக்களே, பாட்டிகளே, கடை வைத்துப் பின்னும் அக்காக்களே, வணக்கம்.

சீப்பைக் கண்டாலே ஓடி ஒளியும் பிள்ளைக்குத் தன் முடி எப்படிப் பிடிக்கும்? 'உன் முடி அழகு' என்று ஆயிரம் தடவை சொல்வதைவிட ஒரு தடவை வலிக்காமல் சிக்கெடுத்துவிடுவது பெரிது. அதைச் செய்து காட்டியவர்களுக்கே எங்கள் முதல் நன்றி.

இந்த முடியின் இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, தட்டையான நீள்வட்டம். இழை ஸ்பிரிங் மாதிரி சுருண்டு வளர்வதால், தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை நுனிவரை இறங்காது. வளைவுக்கு வளைவு பலவீனம் வேறு. காய்ந்த முடியில் உச்சியிலிருந்து சீப்பை இழுத்தால் படக்கென்று ஒடிவது அதனால்தான். நீங்கள் காட்டிய முறை வேறு. முடியை நான்கு முதல் ஆறு பாகமாக வகிடெடுத்து, வேலை நடக்கிற பாகத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை முறுக்கிக் கிளிப் போடுவது. தண்ணீர் தெளித்து, கண்டிஷனரைக் கஞ்சத்தனம் இல்லாமல் பூசி, முதலில் விரலாலேயே சிக்கைப் பிரிப்பது. பிறகுதான் அகலப் பல் சீப்பு. அதுவும் நுனியில் இரண்டு விரற்கடை அளவு, அங்கே சிக்கு விட்டதும் இன்னும் கொஞ்சம் மேலே. இன்னொரு கை வேர்ப்பக்கத்தை இறுக்கிப் பிடித்திருப்பதால் இழுப்பு மண்டைக்குப் போகாது. பிடரியில் அடர்ந்து சுருளும் முடிக்கு உங்கள் பேச்சில் 'கிச்சன்' என்று பெயர். சிக்கு முதலில் விழுவது அங்கேதான். பிள்ளை களைத்து அழுவதற்குள் அதை முதலிலேயே முடித்துவிடச் சொன்ன பாட்டிகளுக்குத் தனி வணக்கம்.

வெறும் எண்ணெயைத் தடவினால் வறட்சி போகாது என்பதும் உங்களிடம் கற்றதே. முதலில் தண்ணீர், அடுத்து கழுவாமல் விடும் கிரீம், கடைசியாக அந்த ஈரத்தைப் பூட்டிவைக்கக் கொஞ்சம் எண்ணெயோ ஷியா வெண்ணெயோ. தலைக்குக் குளியல் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை. இரவில் சாட்டின் தொப்பி. பருத்தித் தலையணை உறை ஈரத்தையும் உறிஞ்சும், முடியையும் உரசி ஒடிக்கும்.

பின்னல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய. பின்னி முடித்ததும் புருவம் மேலே இழுபட்டிருந்தாலோ, நெற்றியோரம் சின்னச் சின்ன வெள்ளைப் பருக்கள் கிளம்பினாலோ, அது அழகு இல்லை, ஆபத்து. இப்படியே மாதக்கணக்கில் இழுத்தால் வேர் செத்து அந்த இடம் நிரந்தர வழுக்கையாகிவிடக்கூடும். வாடிக்கையாளர் 'இறுக்கமாகப் போடு, நாள்பட நிற்கும்' என்று கேட்டும் மறுத்தீர்களே, காசு போனாலும் பரவாயில்லை என்று!

சுருளை நேராக்கும் ரசாயனக் களிம்பான ரிலாக்ஸர் டப்பாவைப் பிள்ளைகள் பக்கமே கொண்டுவராதவர்களுக்கும் நன்றி. 'லை (சோடியம் ஹைட்ராக்சைடு காரம்) இல்லாதது' என்று அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது கடுங்காரம்தான், தலைத்தோலைப் புண்ணாக்கிவிடும்.

2019 ஜூலையில் கலிபோர்னியா 'கிரவுன்' சட்டம் கொண்டுவந்தது. பின்னலையோ, சுருள்முடியை அப்படியே விரித்துவிடும் ஆஃப்ரோவையோ காரணம் காட்டிப் பள்ளியிலும் வேலையிலும் ஒதுக்கக் கூடாது என்ற அந்த மசோதாவை முன்வைத்த, அப்போது மாநில செனட்டராக இருந்த ஹோலி மிட்செலுக்கும், அதைத் தொடர்ந்து மற்ற மாநிலங்களில் மன்றாடியவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். 'கேட்காமல் அவள் தலையைத் தொடாதே' என்று வகுப்பில் ஒரே வரியில் சொன்ன ஆசிரியர்களுக்கும்தான்.

'என் முடி மட்டும் வளரவே மாட்டேங்குது' என்று சிணுங்கும் பிள்ளையிடம், ஈரமான ஒரு சுருளை இழுத்துக் காட்டச் சொன்னவர் யாரோ, அவர் வாழ்க! காதோடு நிற்கும் சுருள் தோள்வரை நீளும். விட்டால் சட்டென்று துள்ளி ஏறிக்கொள்ளும். பிள்ளை சிரித்துவிட்டு மறுபடி இழுக்கும். அப்போது தண்ணீர் ஸ்பிரேயை அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறீர்கள். முதல் வாரம் முடியைவிடச் சட்டைதான் அதிகம் நனையும், நனையட்டும்.

நன்றியுடன்,
சுருள்முடிப் பிள்ளைகளுக்குத் தலைவாரும் நாங்கள்